ஷிகாவின் தெருமுனைச் சிறுவன்

ஜப்பானின் ஷிகா மாகாணத்துக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் நாட்டின் மிகப் பெரிய ஏரியான பிவாவையோ, அதன் கரையில் உள்ள ஹிகோனே கோட்டையையோ பார்க்க வருகிறார்கள். நான் போனது, சிவப்புச் சட்டையும் மஞ்சள் கால்சட்டையும் அணிந்து, கண்களை அகல விரித்தபடி சாலைக்குள் பாய்ந்து ஓடி வருவதுபோல் மரப்பலகையில் வரையப்பட்டிருக்கும் ஒரு சிறுவனைப் பார்க்க. தொபிதா-குன் என்று ஊரார் செல்லமாக அழைக்கும் இவன் தெருமுனைகளில் ஓர் எச்சரிக்கைப் பலகை. திருவிழாக்களிலோ, ஆள் உள்ளே இருந்து நடமாட, குழந்தைகள் ஓடிச் சென்று கட்டிக்கொள்ளும் உருவ பொம்மை. இந்த இரண்டு வேலைகளும் எப்படி ஒரே முகத்தில் வந்து சேர்ந்தன என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் ஓர் அக்டோபர் மாதத்தில் அந்தப் பக்கம் போனேன்.

அவன் பிறந்த காலத்தை நினைத்தால் மனம் கனக்கிறது. கார்கள் பெருகிய வேகத்துக்குச் சாலைகள் ஈடுகொடுக்க முடியாத 1960-களில், ஜப்பானியப் பத்திரிகைகள் விபத்துச் சாவுகளைப் 'போக்குவரத்துப் போர்' என்றே எழுதின. 1970-இல் மட்டும் 16,765 பேர் சாலையில் உயிரிழந்தார்கள். அந்த நாட்டில் ஓர் ஆண்டில் பதிவான மிக அதிக எண்ணிக்கை அதுதான். இந்தச் சூழலில், 1973-இல், இன்று ஹிகாஷியோமி நகரத்தின் பகுதியாக இருக்கும் யோகாய்ச்சியின் சமூக நல மன்றம், உள்ளூரில் விளம்பரப் பலகை செய்து வந்த ஒருவரிடம், குழந்தைகளைக் காக்க ஏதாவது செய்து தாருங்கள் என்று கேட்டது. அவர் ஒட்டுப்பலகையை ஒரு பையனின் உருவத்தில் வெட்டி, வண்ணம் தீட்டிக் கொடுத்தார். எழுத்தைப் படித்துப் பொருள் புரிந்துகொள்ளும் நேரம் ஓட்டுநருக்கு இல்லை என்பதையும், ஓடி வரும் குழந்தையின் உருவத்தைக் கண்டால் கால் தானாக பிரேக்கை நோக்கிப் போகும் என்பதையும் அறிந்து செய்த வேலையாகவே அது எனக்குப் படுகிறது.

ஹிகோனேயிலிருந்து யோகாய்ச்சிக்கு ஓமி ரயில்வேயின் சிறு ரயில் போகிறது. அது ஓடும்போது எழும் சத்தத்தையே பெயராக வைத்துக் 'கச்சாக்கோன்' என்று அந்த வட்டாரத்தில் சொல்கிறார்கள். வழியில் தக்காமியா, தொயோசாதோ, எச்சிகாவா ஆகிய ஊர்களில், எடோ காலத்து (1603–1868) நெடுஞ்சாலையான நகாசெந்தோவின் பழைய தடம் இன்றும் குடியிருப்புத் தெருவாகவே இருக்கிறது. நடந்து செல்பவர்களுக்காக அமைந்த பாதை ஆதலால் இரு பக்கமும் வீடுகள் சாலையை ஒட்டியே எழுந்துள்ளன. பல இடங்களில் நடைபாதை கிடையாது. வாசலைத் தாண்டினால் அடுத்த அடி கார் வரும் தடத்தில்தான் விழும். இங்கே ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு வெளியே வந்தால் ஓட்டுநருக்குக் கிடைப்பது இமைப்பொழுதுதான் என்பது அந்தத் தெருக்களில் நடந்தபோது எனக்கு உடம்பிலேயே உறைத்தது.

யோகாய்ச்சியில் இறங்கியதும் முனைக்கு முனை அவன் நிற்கிறான். சில பலகைகள் புத்தம் புதியவை. சில, வெயிலிலும் பனியிலும் நிறம் வெளுத்து, ஓரங்களில் பலகையின் அடுக்குகள் பிரியத் தொடங்கியவை. பள்ளிக்குப் பின்னால் ஒரு முனையில் இருந்ததை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டையின் சிவப்பு மங்கி இளஞ்சிவப்பாகியிருந்தது; ஆனால் கண்கள் இரண்டும் அண்மையில்தான் கறுப்பு வண்ணத்தால் திருத்தி வரையப்பட்டிருந்தன, ஒரு விழி மற்றதைவிடச் சற்றே பெரிதாக. காற்றில் சாய்ந்துவிடாமல் இடுப்பில் கம்பி சுற்றி மின்கம்பத்தோடு கட்டியிருந்தார்கள். எந்த முனையில் குழந்தைகள் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறார்கள் என்பது அங்கே வசிப்பவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே, பல இடங்களில் குடியிருப்போர் சங்கமோ பெற்றோர் ஆசிரியர் கழகமோ பலகையை வாங்கி வைத்துப் பராமரிக்கின்றன; சில ஊர்களில் தாங்களே வெட்டி, தங்கள் ஊருக்கேற்ற முகத்தை வரைந்தும் நிறுத்துகின்றன.

அதே தெருவின் கோடியில், சிறு மரக்கூரையின் கீழ், கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய ஜிஸோவின் கற்சிலை இருந்தது. இரண்டு எட்டு தள்ளிச் சிவப்புச் சட்டைப் பலகைச் சிறுவன். வழிப்போக்கர்களையும் குழந்தைகளையும் காப்பவர் என்று ஜப்பானியர் நம்பும் போதிசத்துவர் ஜிஸோ. நம் ஊர் எல்லையில் ஐயனார் காவல் நிற்பதைப்போல அவர் தெருமுனைகளில் நிற்கிறார். ஆகஸ்ட் 23, 24 தேதிகளை ஒட்டி, கியோத்தோவிலும் ஷிகாவிலும் ஜிஸோ-போன் என்னும் விழாவைத் தெருவுக்குத் தெரு எடுக்கிறார்கள். குழந்தைகளின் பெயர் எழுதிய காகித விளக்குகளைத் தொங்கவிட்டு, அவர்களைச் சிலையின் முன் உட்கார வைத்துத் தின்பண்டம் கொடுக்கும் விழா அது. குழந்தைகளைக் காக்கும் பொறுப்பு தெருவுக்கே உரியது என்ற வழக்கம் ஆழமாக வேரூன்றிய மண்ணில் இந்தப் பலகைச் சிறுவன் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

அவனைத் திருவிழா உருவமாகப் பார்த்தது ஹிகோனேயில். கோட்டையின் 400-ஆம் ஆண்டு விழா 2007-இல் நடந்தபோது, அதற்காக உருவாக்கப்பட்ட ஹிகோன்யான் என்னும் வெள்ளைப் பூனை நாடெங்கும் புகழ்பெற்றது. கோட்டையை ஆண்ட 'ஈ' என்னும் குலத்தின் நவோதாக்கா என்ற பிரபுவை ஒரு பூனை கையசைத்து அழைத்து இடியிலிருந்து காப்பாற்றியது என்ற கதையும், அந்தக் குலத்தின் போர்வீரர்கள் அணிந்த சிவப்புத் தலைக்கவசமும் சேர்ந்து பிறந்த உருவம் அது. அடுத்த ஆண்டு முதல், பல ஊர்களின் உருவ பொம்மைகள் ஒன்றுகூடும் விழா ஹிகோனேயில் நடக்கத் தொடங்கியது. இத்தகைய உருவங்களுக்கு 'யுருக்யாரா' என்று பெயர் சூட்டிய எழுத்தாளர் ஜுன் மியூராவே தெருமுனைப் பலகைச் சிறுவர்களையும் ஆர்வத்தோடு கவனித்து எழுதியவர் என்பதை அறிந்தபோது, இரண்டையும் சேர்த்துப் பார்க்க வந்தது சரிதான் என்று தோன்றியது.

விழாக் கூட்டத்தில் தொபிதா-குன் பேசவில்லை. இவ்வகை உருவங்களில் பலவும் பேசுவதில்லை. பக்கத்தில் நின்ற உதவியாளர் பெண்மணிதான், உள்ளே இருப்பவரின் பார்வை குறுகலானது என்பதால், குழந்தைகளை முன்பக்கமாகவே வரச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். ஐந்து வயதுக்கு மேற்படாத ஒரு சிறுமி வந்ததும், "சாலையைக் கடக்கும்போது என்ன செய்வோம்?" என்று கேட்டார். சிறுமி நின்று, ஒரு கையை நேராக உயர்த்தி, வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள், மறுபடியும் வலப்பக்கம் பார்த்தாள். அவளோடு சேர்ந்து அந்தப் பெரிய தலையும் மெல்லத் திரும்பித் திரும்பி வந்தது. "எங்கள் தெருமுனையில் இருப்பவனுக்குத் தினமும் காலையில் 'ஒஹாயோ' என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் இவள் பள்ளிக்குப் போவாள்" என்றார் அவள் அம்மா.

எனக்கு விடை கிடைத்த இடம் அதுதான். பலகை பேசுவது ஓட்டுநரிடம். குழந்தை திடீரென்று ஓடி வரக்கூடும், நீ நிதானமாக வா என்று பொறுப்பைப் பெரியவர் தலையில் வைக்கிறது. குழந்தை ஓடத்தான் செய்யும் என்பதை ஏற்றுக்கொண்டு செய்த பலகை அது என்பதால் எனக்கு அதன்மேல் பெருமதிப்பு. விழா உருவம் பேசுவது குழந்தையிடம். கட்டிப்பிடித்துப் பழகிய முகத்தைத் தெருமுனையில் மறுபடி காணும் குழந்தைக்கு, அங்கே நிற்க வேண்டும் என்பது நினைவுக்கு வருகிறது. மிரட்டாமல் பாதுகாப்பைச் சொல்லித் தர இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

பலகை மட்டும் போதும் என்று அந்த ஊர்க்காரர்களும் இருந்துவிடவில்லை. காலையில் மஞ்சள் தொப்பி அணிந்த சிறுவர்கள் பெரிய வகுப்புப் பிள்ளைகளின் பின்னால் வரிசையாகப் பள்ளிக்குச் செல்கிறார்கள். கடக்கும் இடங்களில் முதியவர்கள் மஞ்சள் கொடி பிடித்து வண்டிகளை நிறுத்துகிறார்கள். 2011 முதல் நாடெங்கும் குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேக வரம்புள்ள மண்டலங்களும் அமைக்கப்பட்டு வருகின்றன.

போக நினைப்பவர்கள் ஹிகோனேயில் தங்கிக்கொண்டு யோகாய்ச்சிக்கு ஒரு நாளை ஒதுக்கலாம். உருவ பொம்மைகளின் விழாவையும் பார்க்க வேண்டுமானால் அக்டோபரில் செல்லுங்கள். தேதியை முன்கூட்டியே உறுதி செய்துகொள்வது நல்லது. பலகைகளைப் படமெடுக்கும்போது சாலையில் இறங்கி நிற்காதீர்கள். அவை நிற்கும் இடங்கள் எல்லாமே எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியாத முனைகள்.