காவேரியோடு ஒரு குடும்பச் சண்டை

“மலைக்குப் போகணும் கண்ணு” என்று ஆயா சொன்னால், எங்கள் வீட்டில் யாரும் ஏரியையும் படகையும் நினைப்பதில்லை. ஏற்காடு ஏரியைத் தாண்டி இன்னும் சில கிலோமீட்டர் மேலே போய், சேர்வராயன் குகைக் கோயிலில் நிற்க வேண்டும் என்று அர்த்தம். கடல் மட்டத்திலிருந்து 5,300 அடிக்கு மேலே இருக்கிற அந்தக் குகையில் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மலையே சாமியாக நிற்பவர் சேர்வராயன், ஆறே அம்மனாக இருப்பவள் காவேரி. குகைக்குள் போகும் வழி காவேரி வரைக்கும் நீள்கிறது என்று மலை ஜனங்கள் நம்புகிறார்கள். மற்றவர்கள் அங்கே வேண்டிக்கொள்ளப் போவார்கள். எங்கள் ஆயா சண்டை போடப் போவார்.

இந்தச் சண்டையை ஆரம்பித்து வைத்தது ஆயாவின் அம்மா, எங்கள் பூட்டி.

பூட்டி வாழ்க்கைப்பட்டது பண்ணவாடிப் பக்கம், காவேரிக் கரையில் ஒரு கிராமத்தில். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆறு. குளிப்பது, துவைப்பது, மாட்டைக் கழுவுவது, ஆடிப்பெருக்குக்குப் புதுத்தாலிக் கயிறு மாற்றிக்கொள்வது எல்லாம் அங்கேதான். 1925இல் மேட்டூர் அணை வேலை தொடங்கி 1934இல் முடிந்தது. தேக்கிய தண்ணீர் தஞ்சாவூர் வயல்களுக்குப் போனது. மேல்பக்கத்துக் கரையில் இருந்த ஊர்கள் அந்தத் தண்ணீருக்கு அடியில் போயின. அணையைப் பற்றி ஆயாவின் கதையில் இவ்வளவுதான் வரும். ஆனால் ஊரைக் காலி செய்த அன்றைக்கு வந்து நின்ற மாட்டு வண்டியைப் பற்றி அரை மணி நேரம் சொல்வார். நிலைக்கதவைப் பெயர்த்து ஏற்றினார்கள். உத்தரம் ஏறியது. ஓடு கொஞ்சம், தானியக் குதிரில் மிச்சம் இருந்த கம்பு, அண்டா, கோழிக்கூடு. கடைசியில் பூட்டி தன் சீதன அம்மியைக் காட்டி ஏற்றச் சொல்லியிருக்கிறார். “மாடு தாங்காதும்மா, சேலத்துல அம்மிக்கா பஞ்சம்?” என்று வண்டிக்காரர் மறுத்துவிட்டார். பூட்டி எதுவும் பேசாமல் குழவியை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

அந்தக் குழவி இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சமையலறை மூலையில் இருக்கிறது. சேலத்து அம்மாபேட்டைக்கு வந்து வாங்கிய எந்த அம்மியோடும் அது சரியாகப் பொருந்தியதே இல்லையாம். ஒரு பக்கம் அரைபட்டால் மறுபக்கம் திப்பியாக நிற்கும். பூட்டி அரைத்த சட்டினியைப் பற்றி ஊருக்குள் நல்ல பெயர் இல்லை என்பதையும் ஆயா மறைக்காமல் சொல்வார்.

நஷ்டஈட்டுப் பணம் கரைந்த பிறகு, ஏர் பிடித்த பூட்டன் தறிக்குழியில் இறங்கி நாடா தள்ளப் பழகினார். பூட்டி நெசவு நூலைத் தார் சுற்றினார். ஆடிப்பெருக்கு வந்தது. தெருவே தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டது. பூட்டி மட்டும் அசையவில்லை. “ஊரை முழுங்கினவளுக்கு மஞ்சக் குங்குமம் ஒரு கேடா?” என்று கேட்டுவிட்டுத் தார் சுற்றிக்கொண்டே இருந்தாராம். அப்படிப் பல ஆடி போயிருக்கிறது.

அப்புறம் செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில்தான் அந்த மலைக்காரப் பெண்ணைப் பார்த்தார். பலாப்பழம் கொண்டுவந்து விற்கிறவர். மலையாளி என்று சொல்லப்படும் பழங்குடி ஜனங்கள் அவர்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை, பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூன்று பேர் வெவ்வேறு மலைகளில் குடியேறிய வழி என்று தங்கள் கதையைச் சொல்வார்கள். பூட்டிக்கு இதெல்லாம் தெரியாது. பேச்சுவாக்கில் தன் ஊர் போன கதையைச் சொல்லிக் காவேரியைத் திட்டியிருக்கிறார். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. “காவேரியம்மா எங்க மலையிலதான் இருக்குது. சந்தையில நின்னு திட்டினா அதுக்கு எப்படிக் கேக்கும்? நேர்ல வந்து பேசு” என்று சொல்லிவிட்டார்.

பூட்டி போனார். அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறி, இடையில் மலைக் கிராமத்தில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் குகைக்குப் போயிருக்கிறார். ஆயா அப்போது இடுப்புப் பிள்ளை. அதனால் ஆயா சொல்வது முழுக்க அவர் அம்மா சொல்லிக் கேட்டதுதான். சொல்லச் சொல்லக் கொஞ்சம் கூடியும் இருக்கலாம். குகைக்குள் பூட்டி போட்ட சத்தத்தில் பூசாரி வெளியே வந்துவிட்டார் என்பதை மட்டும் நான் அப்படியே நம்புகிறேன். எங்கள் குடும்பத்துத் தொண்டை அப்படி.

பக்திக் கதை என்றால் இந்த இடத்தில் ஏதாவது நடக்க வேண்டும். பூ விழ வேண்டும், பல்லி சொல்ல வேண்டும், இல்லை ராத்திரி கனவிலாவது அம்மன் வர வேண்டும். ஆயாவின் கதையில் ஒன்றும் நடக்காது. சின்ன வயதில் எனக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது. “திட்டி முடிச்சுட்டு எங்கம்மா முந்தானை முடிச்சை அவுத்து, மஞ்சளையும் கருவளையலையும் எடுத்து வச்சுது. கும்பிட்டுது. இறங்கிட்டோம்” என்று ஆயா முடித்துவிடுவார்.

வெகுநாள் கழித்துத்தான் அந்த முந்தானை முடிச்சு என் கவனத்துக்கு வந்தது. குகை வாசலில் அந்தக் காலத்தில் கடையா இருந்தது? மஞ்சளும் வளையலும் அம்மாபேட்டையில் வாங்கி, வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிந்துகொண்டு போனது. அவ்வளவு ஆத்திரத்தோடு மலை ஏறியவர் வழி நெடுக அதைப் பத்திரமாகத்தான் கொண்டு போயிருக்கிறார். பிரசங்கங்களில் சரணாகதி பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்குப் புரிந்த சரணாகதி இந்த முடிச்சுதான்.

அடுத்த ஆடி பதினெட்டுக்குப் பூட்டி தண்ணீர்ப் பானைக்கு மஞ்சள் பூசிப் பூச் சுற்றிக் கும்பிட்டார். ஆயா காலத்தில் பானை போய்க் குழாய் வந்தது. சேலத்துக்கு வருகிற குடிதண்ணீர் மேட்டூரிலிருந்துதான் வருகிறது. அதனால் ஆயா மாநகராட்சிக் குழாய்க்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைப்பார். “ஊரை எடுத்துக்கிட்டா. இப்ப அதே தண்ணியை வீட்டு வாசலுக்கு அனுப்பறா. என்ன பண்றது, உறவாயிட்டா” என்பார்.

ஒருமுறை சுகவனேசுவரர் கோயிலில் ஒரு சொற்பொழிவு. கண் பார்வை போன சுந்தரர் சிவபெருமானையே உரிமையோடு ஏசிப் பாடியதைப் பெரியவர் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். ஆயா பக்கத்தில் இருந்த அம்மாவின் தொடையைத் தட்டி, “எங்கம்மா மாதிரியே இருக்கானே இந்த ஆளு” என்று உரக்கச் சொல்லிவிட்டார். முன்வரிசையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆயாவுக்குச் சாமிகளிடம் வேலைப் பிரிவினை உண்டு. வேண்டுதல் எல்லாம் கோட்டை மாரியம்மனிடம்தான். உப்பும் மிளகும் வாங்கிப் போட்டு, வேண்டியதைக் கேட்டுக்கொள்ளலாம். மலையில் எதையும் கேட்கக் கூடாது. நடந்ததைச் சொல்ல வேண்டும், குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மே மாதம் நடக்கிற தேர்த் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் எல்லாம் திரண்டு வரும். அந்த நாட்களில் மட்டும் ஆயா போக மாட்டார். “அது அவங்க வீட்டு விசேஷம். விசேஷத்து வீட்டுல போய் வழக்குப் பேசக் கூடாது.”

2024இல் ஆவணி மாதம் பிறந்த பிறகு ஆயாவையும் அம்மாவையும் என் மகளையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஆயாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, முட்டி இரண்டும் மக்கர். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் ஒரே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். லேடீஸ் சீட் என்கிற காட்சி முனையில் நிறுத்தச் சொன்னார். வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து மேட்டூர் அணைத் தண்ணீர் தெரியும். அன்றைக்கு மூட்டம். இருந்தும் கம்பியைப் பிடித்தபடி அந்தத் திசையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஒளிஞ்சுக்கிட்டா” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

ஏரிக்கு மேலே காப்பித் தோட்டங்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி சுற்றியிருக்கும். 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்தது இந்தக் காப்பி. ஆயாவுக்கு அவர் வெறும் காப்பித் துரை. தோட்டங்களைத் தாண்டினால் மரங்கள் குறைந்து புல்வெளி வரும், காற்று பிடித்துத் தள்ளும். மகள் ஆயாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆயா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். யார் யாரைக் கூட்டிப்போகிறார்கள் என்று சொல்வது கஷ்டம்.

குகைக்குள் நிமிர்ந்து போக முடியாது. நானே தலையில் ஒரு இடி வாங்கிக்கொண்டுதான் நுழைந்தேன். ஆயா வாசலில் உட்கார்ந்து, கையை ஊன்றி, நகர்ந்து நகர்ந்து உள்ளே வந்தார். உதவிக்கு வந்த பூசாரியிடம் “நீ விளக்கைக் காட்டு சாமி, நான் வந்துருவேன்” என்றார். உள்ளே ஈரப் பாறையும் கற்பூரமும் கலந்த வாசனை. சுடர் அசையும்போது அம்மன் முகத்து மஞ்சள் தெரிந்து தெரிந்து மறைந்தது. ஆயா மூச்சு வாங்கி முடிக்கும் வரை பூசாரி அவசரப்படுத்தாமல் நின்றார்.

பிறகு ஆரம்பித்தார். சின்ன மாமா விசைத்தறியை விற்றுவிட்டது, பேத்திக்கு வரன் தட்டிப்போனது, முட்டி வலி, எதிர்வீட்டுக்காரி இறந்தது. எல்லாம் தகவலாக மட்டும். முட்டியைச் சரி பண்ணு என்று ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியாக அணை விஷயத்துக்கு வந்தார்.

“கோடையில தண்ணி இறங்கிப் பண்ணவாடியில நந்தி வெளிய வந்துச்சு. இவன் போன்ல காமிச்சான். பழைய மாதா கோயில் கோபுரமும் தெரிஞ்சுது. எல்லாத்தையும் காமிச்சே, எங்கம்மா அம்மியக் காமிச்சியா நீ? அதுக்குள்ள ஆடியில 120 அடிக்கு ஏறி உக்காந்துக்கிட்டே.”

அந்த வருஷம் ஜூலை 30ஆம் தேதி அணை தன் முழு அளவான 120 அடியைத் தொட்டது. கோடையில் வறண்டு, நீரில் மூழ்கிய ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி தலைகாட்டிய அதே வருஷம். டெல்டாக்காரர்கள் கொண்டாடிய அந்த அளவு ஆயாவின் குற்றப்பத்திரிகையில் ஏறியிருக்கிறது.

முந்தானை முடிச்சு அவிழ்ந்தது. மஞ்சள், குங்குமம், கருவளையல், ஒரு பிடி மிளகு. பூசாரி வாங்கி அம்மன் காலடியில் வைத்தார்.

“பூட்டி, காவேரி பதில் சொல்லுமா?” என்று மகள் ஆயாவிடம் கேட்டாள். அவளுக்கு ஆயாதான் பூட்டி.

“சொல்ல மாட்டா. என்னத்தைச் சொல்லுவா?”

“கோவம்னா அப்புறம் ஏன் வளையல் குடுக்கறீங்க?”

“கோவம் இருக்குன்னு முறை செய்யாம இருக்க முடியுமா கண்ணு? உங்கம்மா மேல உனக்குக் கோவம் வந்தா சோறு தின்னாமயா இருக்கே?”

“ரெண்டு நாள் முன்னாடி தின்னாமதான் இருந்தேன்.”

பூசாரி சிரித்துவிட்டார். ஆயாவுக்கு வாய் அடைத்துப்போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான். விபூதியை எடுத்து அவள் நெற்றியில் கொஞ்சம் அழுத்தியே பூசினார்.

வெளியே வந்ததும் கடையில் மிளகாய் பஜ்ஜி. அங்கேயே மிளகு விலையைக் கேட்டு, சேலத்து விலையைச் சொல்லி, கடைக்காரப் பெண்ணோடு பேரம் பேசி ஜெயித்தார். இறங்கும்போது பாதி வளைவுகள் வரை தூங்கினார். விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, அடுத்து தண்ணீர் எப்போது இறங்கும் என்பது.

“கோடையில இறங்கலாம் ஆயா. இறங்கினா பண்ணவாடிக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“அப்ப இந்தக் கார் வேண்டாம்” என்றார். “அம்மி கிடைச்சா ஏத்தணும். பெரிய வண்டியாப் பாரு.”