தேக்கந்தளிர் சிவந்தது, எட்டுத் துணியைக் கெடுத்தது தண்ணீர்

ஒன்பதாவது துணியில் தேக்கந்தளிர் சிவந்து பதிந்துவிட்டது! இலையைத் துணியில் அடுக்கிச் சுருட்டி, ஆவியில் வைத்து அதன் நிறத்தையும் உருவையும் பதியவைக்கும் இலைப்பதிவு வேலை இது. இன்று காலை சுருளை அவிழ்க்கும்போது கை நடுங்கியது. ஊதா கலந்த சிவப்பு, நரம்பு நரம்பாக, ஓரத்தில் பூச்சி அரித்த துளைகூட அப்படியே விழுந்திருக்கிறது. அந்தத் துளையைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் மண்டூர்ப் பக்கம் ஒரு வீட்டில் தங்கி, சுற்றுவட்டாரத்து மரம் செடியில் கிடைக்கும் நிறத்தை மட்டும் வைத்து வேலை செய்யும் ஒரு மாத முகாம் இது. 19 நாள் போய்விட்டது. அதில் இரண்டு வாரத்தை இந்த ஒரு சிவப்பு தின்றது.

துணியை வேகவைத்துக் கஞ்சி போக்குவது, இலை அடுக்கிச் சுருட்டிக் கட்டுவது எல்லாம் இலைப்பதிவு செய்கிற உங்களுக்குத் தெரியும். நிறம் துணியில் பிடிக்க என் கணக்கு: 250 கிராம் மருதமுனைத் தறிப் பருத்திக்கு 50 கிராம் கடுக்காய், அது ஊறிக் காய்ந்த பிறகு 30 கிராம் படிகாரம். பூவரசங்கம்பில் சுருட்டி, பழைய வலைக் கயிற்றால் இறுக்கி, ஒன்றரை மணி நேரம் ஆவியில். இந்த முறையில் எந்தப் பிழையும் இல்லை, ஆனாலும் எட்டுத் துணியும் மழை மேகம் மாதிரி சாம்பலாகவே வந்தன. தளிர் முற்றிவிட்டதோ என்று மாற்றினேன், ஆவி நேரத்தைக் கூட்டினேன், படிகாரம் சரியில்லை என்று பட்டணத்தில் வேறு கடையில் வாங்கினேன், அலுமினியச் சட்டியையும் மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

விடை தேத்தண்ணியில் இருந்தது. ஆறாவது துணியும் கெட்ட அன்று பின்னேரம், அலுப்பில் நானே குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் கேத்தலை வைக்கப் போனேன். வீட்டுக்கார அம்மா ஓடி வந்து தடுத்தார்: "அந்தத் தண்ணியில போட்டா கறுத்துப் போகும் புள்ள, நாங்க தேத்தண்ணிக்குக் கோயில் கிணத்துத் தண்ணிதான் எடுக்கிற." எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. உடனே இரண்டு கிளாஸில் ஒரே அளவு தேயிலைச் சாயம் ஊற்றி, ஒன்றில் கோயில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் குழாய்க் கிணற்றுத் தண்ணீர் விட்டேன். முதலாவது தேன் நிறம், இரண்டாவது மை. தேயிலையிலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள், கடுக்காயிலும் டானின், அதில் இரும்பு பட்டால் கறுக்கும். நான் இரும்பே சேர்க்காமல் வேலை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்க, கிணறு ஒவ்வொரு வாளியிலும் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. வெள்ளை வாளியின் அடியில் செம்மண் நிறத்தில் படிந்திருந்த கறையைத் தினமும் பார்த்திருக்கிறேன், யோசிக்கவில்லை.

கோயில் கிணற்றிலிருந்து துணி அலசுகிற அளவுக்கு அள்ள மனம் வரவில்லை, அது ஊர் குடிக்கிற தண்ணீர். மாரி மழை கொட்டுகிற நேரம்தானே என்று கூரைத் தண்ணீர் பிடித்தேன். ஏழாவதும் எட்டாவதும் அப்படித்தான் போயின, ஏனென்றால் பின்பக்கக் கூரை கறள் பிடித்த தகரம், அதிலும் இரும்பு! கடைசியில் வளவின் நடுவில், மரநிழல் படாத இடத்தில் அகலமான பிளாஸ்டிக் பேசினை வைத்து நேராக வானத்துத் தண்ணீர் பிடித்தேன். கடுக்காய் ஊறவைத்தது, படிகாரம் கரைத்தது, கடைசி அலசல், எல்லாம் அதில்தான். ஆவிச் சட்டிக்கும் அதுதான். யார் புது ஊரில் வேலை தொடங்கினாலும் முதலில் ஒரு பிளேன்டீ போட்டுப் பாருங்கள்.

கடுக்காயைப் பொடியாக வாங்காதீர்கள். எனக்குக் கிடைத்த பொடி பழையது, துவர்ப்பே இல்லை. நாட்டு மருந்துக் கடையில் முழுக்காயாக வாங்கி, கொட்டையை எடுத்துவிட்டு உரலில் இடிக்கலாம். துணி இன்னும் மூன்று மீற்றர் வேண்டும், மண்டூர்த் துறையில் பாதை (ஆளையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவை) ஏறி வாவியைக் கடந்து, குருமன்வெளியில் இறங்கி மருதமுனைக்கு ஒரு நடை போகவேண்டும். பாதையில் போகிற அந்த நேரத்துக்காகவே போகலாம், இரண்டு பக்கமும் கண்டல் வேர்கள் தண்ணீரில் கால் ஊன்றி நிற்பதைப் பார்த்துக்கொண்டே.

அடுத்த ஆசையும் அந்தக் கண்டல்தான். நைலோன் வருவதற்கு முன் மீனவர்கள் நூல் வலையை அதன் பட்டைச் சாயத்தில் தோய்த்துத்தான் உழைத்தார்கள், வலை சீக்கிரம் உக்காமல் இருப்பதற்கு. நிற்கிற மரத்தில் நான் கை வைக்கமாட்டேன், சட்டமும் விடாது. காற்றில் முறிந்து கரையில் ஒதுங்கிய ஒரு கொப்பின் பட்டையைத்தான் உரித்து வந்தேன். தில்லை மரம் பக்கத்தில் நின்றால் கவனம், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

தேக்குத் துணிக்கு இன்னும் ஓரம் அடிக்கவில்லை, வெயிலில் நிறம் நிற்கிறதா என்றும் பார்க்கவில்லை. பாதியைக் கடதாசியால் மூடி யன்னலோரம் தொங்கவிட்டிருக்கிறேன். கண்டல் பட்டை மழைத்தண்ணீரில் இரண்டாம் நாள் ஊறுகிறது. இப்போதே செங்கல் நிறம்.