சயிந்தவனுக்கு ஆள் கிடைத்த வருடம்

மார்ச் 9

பெரும்போக அறுவடை முடிந்து நெல்லும் வீடு வந்து சேர்ந்துவிட்டது. இன்று கோயிலடியில் கூத்துக்குச் சட்டம் கொடுத்தோம். யாருக்கு எந்த வேடம் என்று முடிவு செய்து, அவரவர் பாட்டுகளை எழுதிய கொப்பியை வெற்றிலையோடு கையில் கொடுக்கும் நாள். இந்த முறை பாரதக் கதையின் பதின்மூன்றாம் போர், எங்கள் கூத்துப் பாணிகளில் ஒன்றான வடமோடியில். அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் போய்த் திரும்பாத கதை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், எங்கள் ஊர் இதைக் கடைசியாக ஆடியபோது அப்பாதான் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார். நான் பக்கத்தில் நின்று சல்லரித் தாளம் போட்டேன். இப்போது மத்தளம் என் இடுப்பில்.

அபிமன்யுவுக்கு நாலு பேர் போட்டி. நாலு பேரும் எனக்குச் சொந்தம். யாருக்குக் கொடுத்தாலும் மூன்று வீட்டில் தேத்தண்ணி கிடைக்காது. கடைசியில் ஓட்டோ ஓடும் பெடியனுக்குக் கொடுத்தேன். நல்ல குரல், அது அவனுக்கும் தெரியும்.

சயிந்தவனுக்கு, அதாவது ஜயத்ரதனுக்கு, மட்டும் ஆள் இல்லை. பிள்ளை அபிமன்யுவைக் கதாயுதத்தால் அடித்துக் கொல்பவன். ஆடியவரை ஊர்ப் பெண்கள் ஒரு வருடத்துக்குத் திட்டுவார்கள். கொப்பி என் கையிலேயே இருந்தது. பின்னால் நின்ற மேசன் ஒருவர், “எனக்குத் தாங்க அண்ணாவியார்” என்றார். நாற்பது தாண்டியவர், கரகரத்த குரல், கூத்தாடும் களரியில் ஏறியதே இல்லை. குரலைப் பார்க்காதே, நாலு மாதமும் வருவானா என்று பார் என்பார் அப்பா. கொடுத்துவிட்டேன்.

மார்ச் 27

வீசாணம், எட்டு, குத்துமிதி என்று ஆட்ட வகைகள். இரவு ஏழரைக்குத் தொடங்கினால் பத்து மணி வரைக்கும் இதுதான். பாட்டு பிறகு, முதலில் கால். அபிமன்யு மூன்றாம் நாளே பிடித்துவிட்டான். மேசனுக்கு இடது கால் எப்போதும் அரைத் தாளம் பிந்துகிறது. நாள் முழுக்கச் சீமெந்து குழைத்துவிட்டு வருகிற கால். கோபப்படவும் முடியவில்லை. வாயால் தாளக்கட்டைச் சொல்லிக்கொண்டு நடந்து பாருங்கள், ஆட வேண்டாம் என்றேன். ததிங்கிணதோம் ததிங்கிணதோம் என்று வேலைக்குப் போகும் வழியிலும் சொல்கிறாராம். ஊர்ச் சிறுவர்கள் பின்னால் சொல்லிக்கொண்டு ஓடுகிறார்கள்.

ஏப்ரல் 20

வருடப்பிறப்புக்குப் பிறகு பாதிப் பேரைக் காணோம். பதினேழு பேரில் எட்டுப் பேர்தான் இன்று. பாஞ்சாலிக்கு மருதமுனையில் வேலையாம், தர்மருக்கு வயிற்றோட்டம். அபிமன்யு ஹயர் வந்தால் போய்விடுவான். மேசன் ஒருநாளும் தவறவில்லை. தன் முறை இல்லாத நேரமெல்லாம் பிற்பாட்டுக்காரரோடு நின்று பாடுகிறார்.

பாடசாலையில் உடன் படிப்பிக்கும் நண்பர், விடிய விடிய எதற்கு, இரண்டு மணித்தியாலத்துக்குச் சுருக்குங்கள் என்கிறார். பேராசிரியர் வித்தியானந்தன் அறுபதுகளில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தைச் சுருக்கிச் செய்ததைச் சொல்லிக் காட்டினார். கர்ணன் போர் 1962, இராவணேசன் 1964. உண்மைதான். ஊருக்கு வெளியே கூத்துக்கு மரியாதை தேடித் தந்த வேலை அது. ஆனால் அது மேடைக்குச் செய்தது. இங்கே சுருக்கினால் யாரை நிறுத்துவது? அபிமன்யுவை நிறுத்த முடியாது. தர்மரின் மந்திரியையும், தூதனையும், கட்டியகாரனையும், இந்த மேசனையும்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இரவு நீளமாக இருப்பதால்தான் இத்தனை பேருக்கு இடம் இருக்கிறது.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சரி, சாப்பிட்டுவிட்டுப் பிரிந்தோம்.

மே 11

அபிமன்யுவின் தாய் சுபத்திரையை உயர்தரம் (ஏ.எல்.) படிக்கும் பிள்ளை ஒருத்தி ஆடுகிறாள். என் காலத்தில் பெண் வேடமெல்லாம் ஆண்களுக்குத்தான். ஒன்பது மணிக்குள் வீட்டில் விட வேண்டும் என்பது தாயாரின் கட்டளை. ஆகவே அவள் பகுதியை முதலில் பழக்குகிறேன்.

முன்பு சுபத்திரை ஆடிப் பேரெடுத்த பெரியவர், வயது எழுபதுக்கு மேல், இன்று தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். பெண்பிள்ளை எப்படி நடப்பது என்று அவளுக்கே நடந்து காட்டினார். “சேர், நான் இப்படியா நடக்கிறேன்?” என்று அவள் சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டாள். ஆனால் மகன் விழுந்த செய்தி வரும் இடத்தில் பெரியவர் தடியைப் போட்டுவிட்டு நிலத்தில் அமர்ந்து ஒரு அடி பாடினார். சிரித்த பிள்ளை அப்படியே நின்றாள். அந்த இடத்தில் நான் சொல்லிக் கொடுக்க ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

ஜூன் 8

சதங்கை அணிந்தாயிற்று. ஒவ்வொருவராக வந்து காலில் விழும்போது கூச்சமாகத்தான் இருந்தது. அதில் இரண்டு பேர் என்னைவிட மூத்தவர்கள். சதங்கை கட்டிய பிறகு காலின் பிழை ஊருக்கே கேட்கும். மேசனின் இடது காலைக் காதால் தேடினேன். பிந்தவில்லை. எப்போது சரியானது என்று எனக்கே தெரியாது. பாராட்டினால் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அப்பாவும் இப்படித்தான் மூடிக்கொண்டிருப்பாரோ என்னவோ. என்னை அவர் ஒருநாளும் புகழ்ந்ததில்லை.

ஜூலை 6

நேற்று இரவு அரங்கேற்றம். இன்னும் தூங்கவில்லை, அதற்குள் எழுதிவிட வேண்டும்.

ஒன்பதரைக்குக் கட்டியகாரன் வரவு. ஒவ்வொரு வரவுக்கும் மாலை, சால்வை, வெடி. அபிமன்யுவுக்கு ஓட்டோக்காரர் எல்லாம் சேர்ந்து மாலை போட்டதில் பத்து நிமிடம் போயிற்று. மேசனுக்கு அவர் மகள் மட்டும் ஒரு மாலையோடு வந்தாள்.

மூன்று மணி இருக்கும். அபிமன்யுவும் சயிந்தவனும் தர்க்கம். முதல் பாட்டை அபிமன்யு வெளுத்து வாங்கினான். இரண்டாவது வரவில்லை. ஒரு சுற்று ஆடினான், இன்னொரு சுற்று ஆடினான், என்னைப் பார்க்கிறான். நான் கொப்பி பார்ப்பவரைப் பார்த்தால், அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறார். எனக்கு அந்த அடி நெஞ்சில் இருக்கிறது, வாயில் இல்லை.

சயிந்தவன் ஒரு அடி முன்னே வந்து, கதாயுதத்தைத் தோளில் போட்டு, “இதைத்தானே சொல்ல வந்தாய் சின்னப் பயலே” என்று அபிமன்யுவின் பாட்டையே கேலி ராகத்தில் எடுத்துப் பாடினார். பிற்பாட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்கள். பெடியன் விழித்துக்கொண்டு, வந்த கோபத்தோடு மீதியைப் பாடினான். அந்தக் கோபம் நாலு மாதமாக நான் கேட்டும் வராதது. சனத்துக்கு ஒன்றும் தெரியாது, கதையில் அப்படித்தான் என்று நினைத்துக் கைதட்டினார்கள். தாளம் தப்பியது என் மத்தளத்தில்தான்.

பிறகு வீமன் தாண்டத் துணியாத சிவனின் கொன்றை மாலையைக் குறுக்கே போட்டு, அபிமன்யுவைக் காக்க வந்த அவனை மறித்தபோது, முன்வரிசைக் கிழவி ஒருத்தி “நாசமாப் போவாய்” என்று மண்ணை அள்ளி எறிந்தாள். மேசன் சயிந்தவனாகவே நின்றார். விடியும்போது சுபத்திரை நிலத்தில் அமர்ந்து பாடினாள். பெரியவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

ஜூலை 14

வீட்டுக்கு வீடு ஆடி முடிந்தது. கிடைத்த காசில் உடுப்பு வாடகைக்கு இன்னும் கொஞ்சம் குறைகிறது.

கொப்பிகளைத் திருப்பி வாங்கினேன். மேசனிடம், எல்லோருடைய பாட்டும் எப்படித் தெரியும் என்று கேட்டேன். சும்மாதானே நின்றேன், காதில் விழுந்தது என்றார். வரும் வருடம் துரோணரைத் தருகிறேன், பெரிய வேடம் என்று சொன்னேன்.

“வேண்டாம் அண்ணாவியார். சயிந்தவனை வேற ஆருக்கும் குடுத்திடாதீங்க.”

அவருடைய கொப்பி மட்டும் இன்னும் வரவில்லை. நானும் கேட்கவில்லை.