தண்ணீரில் மேயும் எருமைகள்

தாய்லாந்தின் தெற்கே போகிறவர்கள் பெரும்பாலும் புக்கெட், கிராபி என்று கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். நானும் மனைவியும் இந்த முறை ஹாட் யாயில் ரயில் ஏறி, வடக்கே 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் பத்தலுங்கில் இறங்கினோம். வழியெல்லாம் ரப்பர் தோட்டங்கள், வயல்கள், நடுநடுவே செங்குத்தாக எழும் சுண்ணாம்புக் குன்றுகள்.

மறுநாள் விடியும் முன்பே பாக்ப்ரா வாய்க்காலில் படகேறிவிட்டோம். கொச்சியில் பார்த்திருப்பீர்களே, சீன வலை, அதே மாதிரி பெரிய தூக்குவலைகள் வாய்க்காலின் இருபுறமும் நிற்கின்றன. மூங்கில் கழிகள் மெல்ல மேலெழும்ப, வலையிலிருந்து சொட்டும் நீரில் சூரியன் பட்டது. அதற்காகவே அவ்வளவு சீக்கிரம் எழலாம்.

அப்புறம் தலே நொய். 'சின்னக் கடல்' என்று பொருள். ஆனால் நன்னீர் ஏரி. நாங்கள் போனது மார்ச் மாதம். செவ்வல்லி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடந்தது. வெயில் ஏறினால் பூ கூம்பிவிடும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். இந்த ஏரியின் ஒரு பகுதிதான் 1998இல் தாய்லாந்தின் முதல் ராம்சார் ஈரநிலமானது, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது.

ஆனால் நான் போனது எருமைகளுக்காக. படகோட்டி எஞ்சினை அணைத்தார். பத்தடி தூரத்தில் ஒரு கூட்டம். கொம்பும் மூக்கும் மட்டும்தான் வெளியே தெரிந்தன. ஒன்று தலையை முழுசாக உள்ளே விட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன். 'புஸ்ஸ்' என்று மூச்சு விட்டபடி மேலே வந்தபோது வாயில் ஒரு கொத்துப் புல், காதிலிருந்து நீர் ஒழுகியது. நீர்மட்டம் ஏறும் காலத்தில் மேய்ச்சல் நிலமே மூழ்கிப்போவதால், தலைமுறை தலைமுறையாக இவை இப்படி மேயப் பழகிவிட்டன. சாயங்காலம் தாமாகவே பட்டிக்குத் திரும்பிவிடுமாம். இந்த எருமை வளர்ப்பு முறையை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2022இல் உலக வேளாண் பாரம்பரியமாக அங்கீகரித்திருக்கிறது. அந்தப் பெருமைக்கு முழுத் தகுதி உண்டு.

கரையில் ஒரு வீட்டு வாசலில் கோரை இனப் புல்லைச் சேற்றுக் குழம்பில் முக்கிக் காயப்போட்டிருந்தார்கள். பிறகு தட்டையாக்கி, பாயும் பையும் பின்னுகிறார்கள். பத்தமடைப் பாய் பார்த்த கண்ணுக்கு அது அந்நியமாகவே படவில்லை. ஒரு பை வாங்கிக்கொண்டோம்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். சாலையோரக் கடையில் 'காவ் யாம்' கேட்டோம். நடுவில் ஒரு கிண்ணம் சோறு கவிழ்த்து, சுற்றிலும் வறுத்த தேங்காய்த்துருவல், இறால் பொடி, பம்பளிமாஸ் சுளை, முளைகட்டிய பயறு, மயிரிழையாக நறுக்கிய எலுமிச்சைப்புல், நாரத்தை மாதிரி மணக்கும் இலை. மேலே 'பூடு' என்கிற இனிப்பும் உப்புமான மீன் சாறு. கடைக்கார அக்கா கையைச் சுழற்றிக் காட்டினார்: எல்லாவற்றையும் நன்றாகப் பிசையணும். முதல் வாயிலேயே மொறுமொறுப்பும் புளிப்பும் ஒன்றாக வந்தன. சைவக்காரர்கள் மட்டும் அந்தச் சாற்றைக் கவனியுங்கள்.

கூடவே மஞ்சளும் புளிப்பும் தூக்கலான 'கேங் சோம்' மீன் குழம்பு. தேங்காய்ப்பால் கிடையாது, காரம் நம் ஊர்க் காரத்தையே தாண்டும். அதற்கு இந்த ஊரின் 'சங்யோட்' சிவப்பரிசிச் சோறுதான் சரியான ஜோடி. 2006இல் புவிசார் குறியீடு பெற்ற அரிசி அது, தாய்லாந்து அரிசிகளில் முதலாவது. மென்மையாக, லேசாக ஒட்டிக்கொண்டு, குழம்பை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. மனைவி இரண்டாம் முறை சோறு கேட்டபோது அந்த அக்கா முகத்தில் வந்த சிரிப்போடு, ஒரு கிலோ அரிசியும் கட்டி வாங்கிக்கொண்டு மதிய ரயிலைப் பிடித்தோம்.