மார்பகத்த சின்னதாக்குற ஆபரேஷன்: எனக்கு நடந்தது நடந்தபடி

எனக்கு 42 வயசு, வீடு ஏற்காட்டுல, வேலை கீழ சேலத்துல. ஒன்பது மாசம் முன்னாடி ரெண்டு மார்பையும் சின்னதாக்குற ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். நம்ம பக்கம் இத பத்தி யாரும் வாயத் தொறக்கறதில்ல, எனக்கும் கேட்டுக்க ஒரு ஆள் கிடைக்கல, அதான் எழுதறேன்.

அழகுக்காகப் பண்ணல. இருபது வருஷமா கழுத்து வலி, பிரா பட்டை அழுத்தி அழுத்தி ரெண்டு தோள்லயும் விரல் வைக்கிற அளவுக்குப் பள்ளம், சித்திரை வெயில்ல சேலத்துல ஒரு நாள் வேலை பாத்துட்டு வந்தா மார்புக்கு அடியில வேர்த்து வேர்த்து புண்ணாயிடும், களிம்பு போட்டா ஆறும், அடுத்த வாரம் திரும்ப வரும். எடை கொறைங்கன்னாங்க, ஏழு கிலோ கொறச்சேன், மார்பு அப்படியேதான் இருந்துச்சு. என் தங்கச்சிதான் பிளாஸ்டிக் சர்ஜன பாக்கலாம்க்கான்னு இழுத்துட்டுப் போனா.

இதுல ஒண்ணு மட்டும் கண்டிப்பா பாருங்க, டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரியில எம்.சி.எச். இல்லனா அதுக்குச் சமமான படிப்பு முடிச்சவரான்னு. எனக்குப் பாத்தவர் பேப்பர்ல வரஞ்சே காட்டினாரு, காம்பச் சுத்தி ஒரு வெட்டு, அங்கிருந்து நேரா கீழ ஒண்ணு, அடி மடிப்புல குறுக்க ஒண்ணு, மொத்தத்துல நங்கூரம் மாதிரி இருக்கும். காம்ப தனியா அறுத்து எடுக்காம ரத்த ஓட்டத்தோட சேத்து மேல நகத்தி வைப்பாங்களாம். அப்படியும் உணர்ச்சி கொறயலாம், சிலருக்கு போயே போயிடலாம், இனிமே கொழந்த பெத்தா தாய்ப்பால் கொடுக்க முடியாமப் போகலாம், தழும்பு கண்டிப்பா இருக்கும்னு ஒளிக்காம சொன்னாரு. கல்யாணம் ஆகாத பிள்ளைங்க இத நல்லா யோசிச்சுக்கோங்க. எனக்கு ரெண்டு பசங்களும் வளந்துட்டாங்க, அந்த கவலை இல்ல.

முன்னாடியே மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), ஈசிஜி, ரத்தம் எல்லாம் பாத்தாங்க. எனக்கு ஹீமோகுளோபின் 9.4 தான் இருந்துச்சு, ஒன்றரை மாசம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு ஏத்தின பிறகுதான் தேதியே கொடுத்தாங்க. இன்சூரன்ஸ்ல காஸ்மெடிக்னு சொல்லி தட்டிக் கழிச்சாங்க, வலிக்காகத்தான் பண்றோம்னு டாக்டர் லெட்டர் கொடுத்தும் கிடைக்கல, சீட்டுப் பணத்த எடுத்துத்தான் கட்டினேன். நீங்க இன்சூரன்ஸ் கேக்கறதா இருந்தா கிடைக்குமா இல்லையான்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிடுங்க.

அன்னிக்கு காலையில நிக்க வச்சு பேனாவால கோடு போட்டாங்க, அப்புறம் முழு மயக்கம், மூணு மணி நேரம். வலப்பக்கம் 610 கிராம், இடப்பக்கம் 560 கிராம் எடுத்திருக்காங்க, அத லேபுக்கும் அனுப்பி புத்துநோய் ஏதும் இருக்கான்னு பாத்துடறாங்க. கண்ணு முழிச்சப்போ வலிய விட இறுக்கமும் குமட்டலும்தான் பெருசா இருந்துச்சு. உள்ள தேங்குற ரத்தமும் நீரும் வடிய ரெண்டு பக்கமும் டியூப் வச்சிருந்தாங்க, ரெண்டாம் நாள் எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

வீடுன்னா என் வீடு இல்ல. இருபது கொண்டை ஊசி வளைவுல குலுங்கிக்கிட்டு மலையேற முடியாதுன்னு அஸ்தம்பட்டில தங்கச்சி வீட்டுலயே மூணு வாரம் இருந்தேன். கைய தோளுக்கு மேல தூக்கக்கூடாது, குடம் தூக்கக்கூடாது, மல்லாக்கதான் படுக்கணும், முன்னாடி கொக்கி வச்ச சர்ஜிக்கல் பிராவ ராத்திரி பகல் ஆறு வாரம் போடணும் (ரெண்டு வாங்கிக்கோங்க, ஒண்ணு தொவைக்க). முன்பக்கம் ஜிப் வச்ச நைட்டி நாலு முன்னாடியே எடுத்து வச்சுடுங்க. தலை சீவக்கூட எனக்கு ஆள் வேணும்.

அம்மாவுக்கு இதுல இஷ்டமே இல்ல, கடவுள் கொடுத்தத ஏண்டி வெட்டிக்கிறேன்னு கேட்டுட்டே இருந்தாங்க. ஆனா தலைக்கு ஊத்தி விட அவங்கதான் வந்தாங்க. அன்னிக்கு என் தோள் பள்ளத்த தடவிப் பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் அவங்க ஜாக்கெட்ட விலக்கி அவங்க தோள காட்டினாங்க, அதே பள்ளம். 68 வயசு வரைக்கும் ஒரு நாள்கூட அத சொன்னதில்ல. அன்னிக்கு ரெண்டு பேரும் நல்லா அழுதுட்டோம்.

மூணாவது வாரம்தான் நான் ரொம்ப பயந்தது. நேர் வெட்டும் குறுக்கு வெட்டும் சேர்ற எடத்துல சுண்டுவிரல் நகம் அளவுக்கு தையல் விட்டு ஈரம் கசிஞ்சுது. எல்லாம் போச்சுன்னு நெனச்சுட்டேன். இந்த எடத்துல இழுவை அதிகம், இப்படி தையல் விடறது நெறய பேருக்கு நடக்கும்னு டாக்டர் சொல்லி டிரஸ்ஸிங் மட்டும் போட்டாரு, மூணு வாரத்துல தானா மூடிடுச்சு. ஆனா ஒரு பக்கம் மட்டும் திடீர்னு வீங்கி கல்லு மாதிரி ஆனாலோ, காய்ச்சல் வந்தாலோ, காம்பு கருத்துப் போனாலோ ஒரு மணி நேரம்கூட காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி போயிடுங்க.

மலையேறினப்போ கார் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவுல சின்ன தலகாணி வச்சுக்கிட்டேன். பஸ்ல மேல கம்பி புடிச்சு நிக்க ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு.

இப்போ கழுத்து வலி இல்ல, தோள் பள்ளம் பாதி தூந்துடுச்சு, அடியில புண்ணு வரல. தழும்பு இன்னும் செவப்பாத்தான் இருக்கு, வெளுக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்னாங்க, சிலிக்கான் ஜெல் தடவிட்டு இருக்கேன். இடப்பக்க காம்புல உணர்ச்சி பாதிதான் திரும்பியிருக்கு, அது மீதி வருமான்னு அடுத்த செக்கப்ல கேக்கணும். அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன், அவங்க கழுத்து வலிக்கு ஒரு தடவ காட்டலாம்னு.