நாலு விரல் தள்ளி

காலை ஐந்தேகால். கண்ணைக் கசக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். இடது காலில் சில்லென்று ஈரம்.

இரவு விரித்து வைத்த செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் காய்ந்து கிடக்கிறது. அதன் ஓரத்திலிருந்து சரியாக நாலு விரல் தள்ளி ஒரு சின்னக் குளம். பக்கத்திலேயே உட்கார்ந்து வாலாட்டுகிறான் பட்டாணி.

சிப்பிப்பாறை இன நாய்க்குட்டி. வயது இரண்டு மாதம். வந்து ஒன்பது நாள்.

"மூஞ்சியை அதுல தேய்ச்சு ரெண்டு போடுங்க, தன்னால வழிக்கு வரும்" என்றார் பக்கத்து வீட்டு மாமா. அடித்தால் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இந்த ஆள் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போக வேண்டும்.

இந்த வயதில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க வராது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், ஆடி ஓய்ந்ததும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். தெருவுக்கும் விட முடியாது, குட்டிகளின் உயிருக்கே ஆபத்தான பார்வோ வைரஸுக்கான தடுப்பூசி இன்னும் பாக்கி. அதனால் மொட்டை மாடியில் ஒரு மண் தொட்டி. வாடை மிச்சமிருந்தால் அதே இடத்துக்குத்தான் திரும்புவான் என்பதால் வீடே வினிகர் மணக்கிறது.

இன்று மதியம் தானாகவே மாடிப்படி பக்கம் போய் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தான். அள்ளிக்கொண்டு ஓடினேன். தொட்டியிலேயே முடித்தான்.

நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"நம்ம பையன் பழகினப்பகூட நீங்க இப்படிக் கத்தலையே" என்கிறாள் மனைவி.