தட்டுவடைக் கடை முன் கேட்ட வசை

சேலம் அம்மாபேட்டையில் ஒரு தட்டுவடைக் கடை முன் நின்றிருந்தபோது, ஒலிபெருக்கி கட்டிய பிரசார வாகனம் ஒன்று கடந்து சென்றது. குடிநீரைப் பற்றியோ சாக்கடையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. எதிர் வேட்பாளரின் குடும்பத்தைப் பற்றிய ஏச்சு மட்டுமே. பீட்ரூட் துருவலை இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டிருந்த அம்மா, "இதைக் கேட்டுட்டு யாருக்குக் கண்ணு ஓட்டுப் போடறது?" என்றார்.

ஒரு வேட்பாளரின் தனிப்பட்ட குணத்தையோ நடத்தையையோ பற்றி, பொய்யென்று தெரிந்தே, அவருடைய வெற்றி வாய்ப்பைக் கெடுக்கும் வகையில் எதிர் வேட்பாளரோ அவருடைய முகவரோ செய்தி பரப்புவதை, 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(4) பிரிவில் தேர்தல் முறைகேடாகக் கருதுகிறது. விமர்சனம் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு ஆகியவற்றோடு நிற்க வேண்டும் என்கின்றன தேர்தல் நடத்தை விதிகள். செயல்பாட்டைக் கடுமையாகச் சாடுவதில் எனக்கு மறுப்பில்லை. சொல்லப்போனால், சாடாமல் விடுவதுதான் பிழை.

நானும் யோக்கியன் அல்லன். சென்ற தேர்தலின்போது, எனக்குப் பிடிக்காத ஒரு தலைவரின் பேச்சிலிருந்து வெட்டியெடுத்த துண்டுக் காணொளியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன். ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் சித்தப்பா உடனே அழைத்தார்.

"முழுசாப் பாத்தியாப்பா?"

பார்த்திருக்கவில்லை. பார்த்தபோது, வெட்டப்பட்ட இடத்துக்கு அடுத்த வாக்கியமே பொருளைத் தலைகீழாக்கியது. அழித்துவிட்டு, அதே குழுவில் மன்னிப்பும் கேட்டேன். இரண்டு நாள் கழித்து, என் அலுவலக நண்பர் ஒருவர் அதே துண்டை எனக்கே அனுப்பியிருந்தார்.